டைடல் பே ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைடல் பே என்பது ஒரு கம்பெனியின் பெயரா?

இல்லை. கனடாவின் கிழக்குக் கரையில், அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வெள்ளை ஒயின் வகை அது. அங்குள்ள ஒயின் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, "எங்கள் மண்ணுக்கும் எங்கள் குளிருக்கும் எங்கள் கடல் உணவுக்கும் பொருந்துகிற ஒரு ஒயின் இருக்கட்டும், அதற்கு எல்லோரும் ஒரே விதிகளைப் பின்பற்றுவோம்" என்று முடிவு செய்து, 2012 ஜூனில் வெளியிட்டார்கள். அதனால் கடையில் டைடல் பே என்று கேட்டால் வெவ்வேறு லேபிள்களோடு பல பாட்டில்கள் கிடைக்கும். ஜோஸ்ட், பெஞ்சமின் பிரிட்ஜ், டொமைன் து கிராண்ட் ப்ரே, காஸ்பரோ வின்யார்ட்ஸ், லக்கெட், பிளாமிடன் எனத் தயாரிப்பாளர் மாறும், டைடல் பே என்ற பெயர் பொதுவாக இருக்கும்.

வெளிர் நிறம், வாயில் கனக்காத லேசான உடல், பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் கலந்த வாசனை, நாக்கின் இரு ஓரத்திலும் சுள்ளென்று பிடிக்கும் புளிப்பு, குறைந்த ஆல்கஹால். இதுதான் அதன் பொதுக் குணம்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளலாமா?

முடியாது. திராட்சை முழுக்க முழுக்க நோவா ஸ்கோஷியாவில் விளைந்ததாக இருக்க வேண்டும். பட்டியலிட்ட ரகங்களை மட்டுமே சேர்க்கலாம். ஆல்கஹால் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் தாளில் எழுதிவைக்கிற விதிகள், சரிபார்ப்பது சுலபம்.

கடினமான விதி இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டின் ஒயினும் ஒரு சுயேச்சையான சுவைக்குழுவின் முன் போகிறது. எந்தத் தயாரிப்பாளருடையது என்று தெரியாமலேயே அவர்கள் சுவைத்து, "இது டைடல் பே மாதிரி இருக்கிறதா" என்று பார்க்கிறார்கள். நல்ல ஒயினாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பாணியிலும் இருக்க வேண்டும். ஓக் பீப்பாயின் வாசனை தூக்கலாக, வெண்ணெய் மாதிரி கனமாக ஒருவர் அருமையான வெள்ளை ஒயின் செய்திருக்கலாம், அதை வேறு பெயரில் விற்றுக்கொள்ளட்டும். குழு தேறியது என்று சொன்ன பிறகுதான் டைடல் பே என்ற பெயர். ஒரு பெயரைக் கூட்டாகக் காப்பாற்ற வேண்டுமானால் இந்த மாதிரிக் கறார் இல்லாமல் நடக்காது என்பது என் எண்ணம்.

ஒண்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இருக்கிற வி.கியூ.ஏ என்ற ஒயின் தர முத்திரை இங்கே கிடையாது. நோவா ஸ்கோஷியா தன் வழியைத் தானே போட்டுக்கொண்டது. காரணம் கீழே கலப்பினத் திராட்சை பற்றிய கேள்வியில் வருகிறது.

என்னென்ன திராட்சை சேர்கிறது?

முதுகெலும்பாக நான்கு ரகங்கள்: லகாடி பிளாங், செய்வால் பிளாங், விடால், கைசன்ஹைம் 318. ஒயினில் பாதிக்கு மேல் இவற்றிலிருந்து வர வேண்டும். மீதிக்கு ரீஸ்லிங், ஷார்டனே, ஓர்டேகா, நியூயார்க் மஸ்கட் போன்றவை சேரலாம்.

நான்கில் லகாடிதான் இந்த ஊரின் சொந்தப் பிள்ளை, ஆனால் பிறந்தது இங்கே இல்லை. 1953-ல் ஒண்டாரியோவின் வைன்லேண்டில் ஆலி பிராட் என்ற ஆய்வாளர் உருவாக்கியது. ஒண்டாரியோவில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் ஆராய்ச்சி நிலையத்தில் நட்டுப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது: கடுங்குளிரைத் தாங்கியது, சீக்கிரம் பழுத்தது, கோடை குறுகிய ஊருக்கு இரண்டும் உயிர்நாடி. இன்றைக்கு அந்த மாகாணத்தின் அடையாளத் திராட்சை என்றால் லகாடிதான். கொடுப்பது ஆப்பிள், எலுமிச்சைத் தோல், ஈரக்கல் மாதிரி ஒரு வாசனை, அப்புறம் ஒயினுக்கு ஒரு நிமிர்ந்த முதுகு.

செய்வால் பிரான்சில் உருவான கலப்பினம், இங்கிலாந்திலும் நிறைய நட்டிருக்கிறார்கள். சுத்தமான, மெல்லிய எலுமிச்சைச் சுவை, அதிகம் பேசாத ரகம். விடாலும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் உருவாக்கியதுதான், 1930-களில். தடித்த தோல் இருப்பதால் பனி விழும்வரை கொடியிலேயே தொங்கும், கொடியிலேயே உறைந்த திராட்சையில் செய்யும் கனடாவின் இனிப்பான ஐஸ்ஒயினுக்குப் பெரிதும் பயன்படுவது அதனால்தான். டைடல் பேயில் அது பீச், கிரேப்ஃப்ரூட் போன்ற கொஞ்சம் சதைப்பற்றான சுவையைச் சேர்க்கிறது. கைசன்ஹைம் 318 ஜெர்மனியின் கைசன்ஹைம் ஆய்வு நிலையத்தில் பிறந்தது, ரீஸ்லிங் அதன் பெற்றோரில் ஒன்று, பூ வாசனையும் கூர்மையும் அந்த வழியில் வருபவை.

மஸ்கட் சேர்ப்பவர்கள் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். ரோஜாவும் ஆரஞ்சுப் பூவும் கலந்த அதன் வாசனை வலுவானது, அளவு மீறினால் கோப்பையில் வேறு எதுவும் தெரியாது.

கலப்பினத் திராட்சை என்றால் மட்டம் என்று சொல்கிறார்களே?

அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஐரோப்பியக் கொடியை அமெரிக்கக் காட்டுக் கொடியோடு கலந்து உருவாக்கியவை இந்த ரகங்கள். அமெரிக்கப் பக்கத்தில், குறிப்பாக லப்ரஸ்கா இனத்தில், ஒரு தூக்கலான வாசனை உண்டு, கான்கார்ட் திராட்சை ஜெல்லியைத் திறந்தால் மூக்கில் அடிக்குமே, அதுதான். உலர் ஒயினில், அதாவது இனிப்பில்லாத ஒயினில், அது பலருக்குப் பிடிக்காது. அந்த அனுபவத்தை வைத்துக் கலப்பினங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். வி.கியூ.ஏ விதிகளும் கலப்பினங்களில் சிலவற்றைத்தான் அனுமதிக்கின்றன.

லகாடியில் அந்த வாசனை இல்லை, செய்வாலில் இல்லை. குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பதுதான் என் பதில். நோவா ஸ்கோஷியாக்காரர்கள் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கௌரவத்துக்காக ஷார்டனேயை முன்னால் நிறுத்தாமல், தங்கள் மண்ணில் ஆண்டுதோறும் உயிர் தப்பிப் பழுக்கிற கொடிகளை நடுவில் வைத்து விதியை எழுதினார்கள்.

ஒரே ரகத்தில் செய்யாமல் ஏன் கலக்க வேண்டும்?

இரண்டு காரணம். ஒன்று சுவை: லகாடியின் நிமிர்வு, விடாலின் சதை, கைசன்ஹைமின் பூ வாசனை, தனித்தனியாக எதிலும் முழுமை இல்லை, சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டாவது பிழைப்பு. குளிர் ஊரில் ஓர் ஆண்டு போல இன்னோர் ஆண்டு இருப்பதில்லை. ஒரு வருடம் உறைபனி சீக்கிரம் மொட்டு விடும் ரகத்தை அடிக்கும், இன்னொரு வருடம் மழை வந்து தாமதமாகப் பழுக்கும் ரகத்தைக் கெடுக்கும். நாலைந்து ரகம் கையில் இருந்தால் விகிதத்தை மாற்றி அதே பாணியைக் கொண்டுவர முடியும். அதனால் ஒரே தயாரிப்பாளரின் டைடல் பேயில்கூட ஆண்டுக்கு ஆண்டு கலவை மாறும், லேபிளின் பின்பக்கம் பார்த்தால் சிலர் ரகங்களைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

விளைவது எந்தப் பகுதியில்?

மாகாணத்தில் பல இடங்களில் உண்டு. வடகரையில் மலகாஷ் பக்கம் ஜோஸ்ட் தோட்டம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தோட்டங்கள் அன்னாபொலிஸ் பள்ளத்தாக்கிலும், அதை ஒட்டிய சின்னக் காஸ்பரோ பள்ளத்தாக்கிலும், வுல்ஃப்வில் என்ற கல்லூரி ஊரைச் சுற்றி அமைந்திருக்கின்றன.

இந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஒயின் புரிய அது உதவும். பள்ளத்தாக்குக்கு வடக்கே எரிமலைக் குழம்பு உறைந்த பாறையாலான நார்த் மவுண்டன், தெற்கே கருங்கல் சவுத் மவுண்டன். வடக்குமலைக்கு அந்தப் பக்கம் ஃபண்டி விரிகுடா. அங்கிருந்து வரும் குளிர்காற்றையும் மூடுபனியையும் அந்த மலை தடுத்து நிறுத்துகிறது, உள்ளே பள்ளத்தாக்கு கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது. ஆப்பிளுக்குப் பேர்போன இடம் அது, 1933-லிருந்து ஆப்பிள் பூ விழாவே நடத்துகிறார்கள். ஆப்பிள் நன்றாகப் பழுக்கும் சரிவில் திராட்சையையும் பழுக்கவைக்கலாம் என்ற துணிச்சல் பிறகு வந்தது.

ஃபண்டி விரிகுடாவில் கடல் ஏறி இறங்குவது உலகத்திலேயே அதிகம். பர்ன்ட்கோட் ஹெட் என்ற இடத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 16 மீட்டர் வித்தியாசம், ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். காலையில் படகு மிதந்த இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துச் சிவந்த சேற்றில் நடந்து போகலாம். இப்படி நாளுக்கு இரண்டு முறை புரண்டுகொண்டே இருப்பதால் தண்ணீர் முழுதாக உறைந்தும் போவதில்லை, முழுதாகச் சூடாவதும் இல்லை. கோடையில் குளிர்ச்சி, இலையுதிர் காலத்தில் கரைக்கு அருகே முதல் உறைபனி தள்ளிப்போவது என்று கொடிக்கு இரண்டு விதத்திலும் உதவி.

வுல்ஃப்வில்லுக்குப் பக்கத்திலேயே கிராண்ட் ப்ரே. 1680-களில் அங்கே குடியேறிய அகாடியர்கள் என்ற பிரெஞ்சுக்காரர்கள் கடலைத் தடுத்து அணைக்கரை கட்டி, உவர்நிலத்தை விளைநிலமாக்கினார்கள். 1755-ல் ஆங்கிலேயர்கள் அவர்களை வேரோடு பிடுங்கி நாடுகடத்தினார்கள். அந்த அணைக்கரைகளுக்கு உட்பட்ட நிலம் இன்றும் விளைகிறது, 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அதாவது டைடல் பே வெளியான அதே ஆண்டு. டொமைன் து கிராண்ட் ப்ரேயின் தோட்டம் அந்தப் பகுதியில்தான்.

அவ்வளவு குளிரில் கொடி செத்துப் போகாதா?

சில சமயம் போகிறது. 2018 ஜூன் முதல் வாரத்தில், கொடிகள் தளிர் விட்டுப் பூப்பதற்குத் தயாராக இருந்த நேரத்தில், ஒரே இரவு உறைபனியில் பள்ளத்தாக்கு முழுவதும் தளிர்கள் கருகின. தாழ்வான இடங்களில் குளிர்காற்று தேங்கும் என்பதால் அங்கே சேதம் அதிகம், மேட்டுச் சரிவுகள் ஓரளவு தப்பின.

2023 பிப்ரவரி அதைவிட மோசம். அதுவரை மிதமாக இருந்த குளிர்காலம், திடீரென்று வடதுருவக் காற்று இறங்கி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு வெகுகீழே சரிந்தது. குளிர் படிப்படியாக வந்தால் கொடி தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்ளும், திடீர் என்று வந்தால் அதற்கு நேரம் இல்லை. வரவிருந்த பருவத்துக்கான மொட்டுகள் கிளையிலேயே செத்தன. ஷார்டனே, பினோ நுவார் போன்ற ஐரோப்பிய ரகங்கள்தான் அதிகம் அடிவாங்கின, கலப்பினங்கள் ஒப்பிட்டால் பரவாயில்லை. மொட்டைக் குறுக்கே பிளேடால் வெட்டிப் பார்ப்பார்கள்: உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் அந்த வருடம் அதில் குலை வராது. வரிசை வரிசையாக அப்படி வெட்டிப் பார்த்துப் பழுப்பு, பழுப்பு என்று எண்ணிக்கொண்டு போவது எவ்வளவு வேதனையான வேலை என்று நினைத்துப் பாருங்கள். டைடல் பேயின் அடித்தளத்தில் கலப்பினங்களை வைத்தது சரிதான் என்று அந்தக் குளிர் நிரூபித்தது.

குளிருக்கும் புளிப்புக்கும் என்ன தொடர்பு?

திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். அதில் உள்ள மாலிக் அமிலத்தை, பச்சை ஆப்பிளில் இருப்பதும் அதுதான், பழம் சுவாசிக்கும்போது எரித்துத் தீர்க்கிறது, வெப்பம் கூடினால் வேகமாக எரிக்கும். இரவு குளிர்ந்தால் எரிப்பது மெதுவாகும், அமிலம் மிஞ்சும். வெயில் ஊரில் வாசனை முதிர்வதற்குள் புளிப்பு போய்விடுகிறது, இங்கே செப்டம்பர், அக்டோபர் வரை பழம் கொடியில் தொங்கி நிதானமாக வாசனை சேர்த்துக்கொண்டும் புளிப்பு குறையாமல் நிற்கிறது. சர்க்கரையும் மிதமாகவே ஏறுவதால் ஆல்கஹாலும் குறைவு. 11 சதவீதம் என்ற உச்சவரம்பு இந்த இயல்பை ஒட்டி எழுதியதுதான்.

இனிப்பாக இருக்குமா?

தயாரிப்பாளரைப் பொறுத்தது. சிலருடையது கிட்டத்தட்ட உலர்ந்தது, சிலருடையதில் லேசான இனிப்பு உண்டு. கூர்மையான புளிப்பு இருப்பதால் அந்த இனிப்பு பெரும்பாலும் தெரியாது, பழச்சுவை கூடினது போலத்தான் இருக்கும். இனிப்பே வேண்டாம் என்பவர்கள் வாங்கும்போது கேட்டுவிடுங்கள்.

எதோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?

கடல் உணவு. இந்த ஒயினை உருவாக்கியதே அதை மனதில் வைத்துத்தான்.

முதலில் டிக்பி ஸ்காலப். ஃபண்டி விரிகுடாவை ஒட்டி இருக்கும் டிக்பி என்ற துறைமுகம் இந்தச் சிப்பிக்குப் பேர்போனது. சமைப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்: ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் வெந்து வெளிறிப்போகும். வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, ஸ்காலப்பை வைத்து, தொடாமல் ஒன்றரை, இரண்டு நிமிடம் விட வேண்டும், அடியில் பொன்பழுப்புத் தோல் பிடிக்கும். திருப்பிப் போட்டு ஒரு துண்டு வெண்ணெய், இன்னும் ஒரு நிமிடம், அவ்வளவுதான். ஸ்காலப்புக்கு இயற்கையாகவே ஓர் இனிப்பு உண்டு, வெண்ணெய் அதன்மேல் படியும், ஒரு மடக்கு டைடல் பே அந்த எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு இனிப்பை மட்டும் நாக்கில் விட்டுவைக்கும். எலுமிச்சை பிழிய வேண்டிய வேலையை ஒயின் செய்துவிடுகிறது.

சிங்கி இறால், அதாவது லாப்ஸ்டர், அதே கணக்குத்தான். தென்மேற்குக் கரையில் நவம்பர் கடைசியில் தொடங்கி மே கடைசிவரை பிடிப்பார்கள். உப்புத் தண்ணீரில் வேகவைத்து உருகிய வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவது ஊர் வழக்கம். பெரும்பாலும் புதிய டைடல் பே மே, ஜூன் வாக்கில்தான் கடைக்கு வரும், சீசன் முடிகிற நேரத்து லாப்ஸ்டரும் புது ஒயினும் ஒரே மேசையில் சந்திக்கும் அந்தச் சில வாரங்களில் நோவா ஸ்கோஷியாவில் இருக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

சமைக்காத ஆய்ஸ்டர் சிப்பிக்கு, கிடைப்பதிலேயே உலர்ந்த டைடல் பேயை எடுங்கள். உப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தணிக்கும். ஹாடக் மீனை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவதும் மிகப் பொருத்தம், பொரித்த எதற்கும் புளிப்பான ஒயின் நல்ல துணை. பால், பாலாடை, உருளைக்கிழங்கு, மீன் எல்லாம் போட்ட சவுடர் சூப்புக்கு, விடால் கொஞ்சம் தூக்கலான, உடல் உள்ள பாட்டில் நன்றாக இருக்கும்.

கடலை விட்டுக் கரைக்கு வந்தால் அகாடியர்களின் ராப்பி பை இருக்கிறது. உருளைக்கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கொதிக்கும் கோழிச்சாற்றை ஊற்றிக் கிளறி, கோழிக்கறியோடு ஓவனில் சுட்டெடுப்பது. மாவுத்தன்மையும் கொழுப்பும் கலந்த மந்தமான சாப்பாடு, டைடல் பே அதைத் தூக்கி நிறுத்துகிறது.

மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸின் டோனேர் பற்றியும் கேட்கிறார்கள். 2015-ல் நகரசபையே அதை நகரத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. மசாலா மாட்டிறைச்சி, மேலே சுண்டிய பால், வினிகர், பூண்டு கலந்த இனிப்புச் சாறு. உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் காடியாகத் தெரியும், அதனால் இங்கே லேசான இனிப்புள்ள டைடல் பேயை எடுங்கள். காரமான சாப்பாட்டுக்கும் இதே யோசனைதான்: ஆல்கஹால் காரத்தை மேலும் எரியவைக்கும், இதில் அது குறைவு என்பதால் காரத்தோடு சேர்ந்து போகும்.

எதோடு சேராது?

நெருப்பில் வாட்டிய மாட்டுக்கறித் துண்டம், ரத்தச்சாறு ஒழுக ஒழுக இருப்பது. அதன் முன் இந்த ஒயின் தண்ணீராகிவிடும். புளூபெர்ரி கிரண்ட் போன்ற இனிப்புகளோடும் வேண்டாம், விடால் ஐஸ்ஒயின் இருந்தால் அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நோவா 7 என்பதும் டைடல் பேயும் ஒன்றா?

இல்லை. நோவா 7 என்பது பெஞ்சமின் பிரிட்ஜ் தயாரிக்கும் தனி ஒயின், மஸ்கட் வாசனையும் லேசான குமிழியும் இனிப்பும் உள்ளது. அதே நிறுவனம் டைடல் பேயும் செய்வதால் இந்தக் குழப்பம்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? எப்படி ஊற்றுவது?

வாங்கியதும் குடிக்க வேண்டிய ஒயின். ஓரிரு ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள், வைத்திருந்தால் மேன்மை கூடாது, பழ வாசனை மங்கும். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியான குளிர்ச்சி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றாமல் பத்து நிமிடம் வெளியே வைத்தால் வாசனை திறக்கும். அதிகம் குளிர்ந்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும், பூவும் பழமும் தெரியாது. பெரும்பாலும் திருகு மூடிதான், மிச்சம் இருந்தால் மூடிக் குளிர்பெட்டியில் இரண்டு, மூன்று நாள் வைக்கலாம்.

எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்?

நோவா ஸ்கோஷியாவில் மாகாண அரசின் என்.எஸ்.எல்.சி கடைகளில் கிடைக்கும், தோட்டங்களிலும் நேரே வாங்கலாம். பாட்டில் சுமார் 20 முதல் 25 கனடா டாலர். வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும். மாகாணத்துக்கு வெளியே கிடைப்பது குறைவு, விளைச்சலே சிறியது என்பதால் உள்ளூரிலேயே தீர்ந்துவிடுகிறது.

நேரில் போக நினைத்தால் ஹாலிஃபாக்ஸிலிருந்து வுல்ஃப்வில் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஓட்டுபவர் குடிக்க முடியாது என்பதால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்காட்டும் பேருந்தில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் மூன்று தோட்டத்துக்கு மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், நாக்கு களைத்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் டைடல் பேயை மட்டும் கேட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுவைத்துப் பாருங்கள். ஒரே விதியின் கீழ் ஒருவர் எலுமிச்சைப் பக்கமும் இன்னொருவர் பூ வாசனைப் பக்கமும் சாய்ந்திருப்பது அப்போது நன்றாகத் தெரியும், உங்களுக்கு எது பிடிக்கிறதோ அந்தத் தோட்டத்தின் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பலாம்.